தா

'ரிட்ரீவர்' என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இருபது வருடங்களில் இந்தச் சொல் நாலைந்து முறை தொல்லை கொடுத்திருக்கிறது. அகராதியைப் புரட்டினால் 'வேட்டை நாய்' என்கிறது. அது பாதிதான் சரி. இந்த நாய் எதையும் துரத்திக் கொல்வதில்லை. எஜமானர் சுட்டு வீழ்த்திய பறவையைத் தேடி எடுத்து வந்து அவர் கையில் கொடுப்பதுதான் அதன் வேலை. 'மீட்பு நாய்' என்று எழுதினால் வெள்ளத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றுகிற நாயாகிவிடும். ஒரு முறை துணிந்து 'கொணர்நாய்' என்று எழுதினேன். உதவி ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'லாப்ரடார்' என்று போட்டார். பிரச்சினை அத்தோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு கொணர்நாய் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

கேட்டது என் மகன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். கிழக்கு தில்லியில், மயூர் விஹாரில் இரண்டாவது மாடி டி.டி.ஏ. ஃபிளாட்டில் நாங்கள் நாலு பேர்: நான், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் மனைவி, மகன், கோவில்பட்டியிலிருந்து வந்து ஐந்து வருடமாக எங்களோடு இருக்கும் எழுபத்தெட்டு வயது அப்பா. ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிவந்தேன். மனைவியின் அலுவலகத் தோழி மூலம் மீரட்டில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் லாப்ரடார் குட்டிகள் இருப்பது தெரியவந்தது. எட்டு வாரம் முடியாமல் தாயிடமிருந்து பிரிக்கமாட்டேன் என்றார் அவர். குட்டியைக் கொடுக்கும்போது தடுப்பூசி அட்டையோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். "இது கண்காட்சிக்காக வளர்த்த வம்சமில்லை. வேலை செய்த வம்சம். இதற்கு ஏதாவது வேலை கொடுங்கள். நீங்கள் கொடுக்காவிட்டால் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்."

பெயர் வைப்பதில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. நாய்க்குச் சங்க காலத்துப் பெயர் ஞமலி. தமிழ் எம்.ஏ. படித்தவன் வேறு எப்போது அதைப் பயன்படுத்துவது? கீழ் வீட்டுக்காரர்களால் 'ஞ'வைத் தாண்ட முடியவில்லை. மகன் கேட்கவே மறுத்துவிட்டான். கடைசியில் அப்பா வைத்த பெயர்தான் நின்றது: மணி. எங்கள் ஊரில் பாதி நாய்களுக்கு இந்தப் பெயர்தான். தில்லிக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, பணத்தின் மேல் மதராஸிகளுக்கு இத்தனை பிரியமா என்று சிரிக்கிறார்கள்.

அப்பாவுக்கு வேட்டை நாய் புதிதில்லை. கரிசல் காட்டில் சிப்பிப்பாறை நாய்களோடு முயல் வேட்டைக்குப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர். மணியை மடியில் வைத்து, தடித்த பாதத்தையும் விரல்களுக்கு இடையே உள்ள சவ்வையும் தடவிப் பார்த்தார். "வாத்துக்கால் மாதிரில்லய்யா இருக்கு. இது ஓடுத நாயி இல்ல, நீந்துத நாயி" என்றார். சரியாகச் சொல்லிவிட்டார். இந்த இனத்தின் பூர்வீகம் லாப்ரடார் அல்ல, அதற்குத் தெற்கே உள்ள நியூபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீனவர்களோடு படகில் போய், பனிக்கட்டி போலக் குளிர்ந்த கடலில் குதித்து, வலைக் கயிற்றையும் தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் கவ்வி வந்த நாய்களின் சந்ததி இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறி பிரிட்டனுக்கு வந்தது. அங்கே பிரபுக்கள் பறவை சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். சுட்ட பறவை ஏரியிலோ புதரிலோ விழும். அது சாப்பாட்டு மேஜைக்குப் போக வேண்டியது, பல் படக் கூடாது. ஆகவே எடுத்து வருகிற ஆசையும் கடிக்காத வாயும் உள்ள நாய்களையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். 1903இல் பிரிட்டனின் கென்னல் கிளப் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. இதன் உறவினரான கோல்டன் ரிட்ரீவரின் கதை ஸ்காட்லாந்தில் ஒரு பிரபுவின் தோட்டத்தில் 1868இல் பிறந்த குட்டிகளிலிருந்து தொடங்குகிறது.

இதெல்லாம் நான் பிறகு படித்தது. ஆகஸ்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இல்லை என்பதுதான். செருப்பு, துடைப்பம், மனைவியின் துப்பட்டா, அப்பாவின் கைத்தடி, ரிமோட். நாய்க்குட்டிகள் எல்லாமே கடிக்கும். 28 பால்பற்களும் நாலாவது மாதத்தில் விழத் தொடங்கி, ஏழாவது மாதத்துக்குள் 42 பற்கள் முளைக்க வேண்டும், ஈறு தினவெடுக்கும். ஆனால் மணி ஒரு காரியம் கூடுதலாகச் செய்தான். எடுத்ததை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். வாலோடு சேர்ந்து பின்பாகம் முழுவதும் ஆட, வாயில் என் செருப்போடு வந்து எதிரே நிற்பான்.

('வந்தது' என்று தொடங்கி 'வந்தான்' என்று எழுதுகிறேன் என்பது தெரிகிறது. உவப்பின் காரணமாக அஃறிணையை உயர்திணையாகச் சொல்லலாம் என்று நன்னூலார் அனுமதி கொடுத்திருக்கிறார்.)

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அனுப்ப வேண்டிய கட்டுரை ஒன்றை விடிய விடிய மொழிபெயர்த்து, திருத்தம் போட்டு, நாற்காலியில் வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது ஆறு பக்கங்களில் மூன்றை மணி வாயில் வைத்துக்கொண்டு என்னிடமே வந்தான். எச்சிலில் திருத்தங்கள் கரைந்து வழிந்தன. பால்கனியில் பேப்பர்காரப் பையன் கீழேயிருந்து வீசிய செய்தித்தாள் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டியபடி கிடந்தது. அதை எடுத்து இரண்டு அடி போட்டேன். பலமாக இல்லை. ஆனால் அவன் என்னிடம் வந்து நின்ற இடத்திலேயே அடித்தேன். வாயிலிருந்த தாள்களைப் போட்டுவிட்டுத் திவானுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அடித்தது பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு பொருளையும் என்னிடம் கொண்டுவரவில்லை. பொருள்கள் மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. வாரக் கடைசியில் திவானை நகர்த்தினால் அடியில் ஒரு சந்தை இருந்தது.

செப்டம்பர் நடுவில் அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை அட்டை மேஜையிலிருந்து கீழே விழுந்தது. மணிக்கு அப்போது பதினான்கு வாரம். அட்டையைக் கவ்விக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றான். அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். அப்போது செய்தது, "மணி, கொடு!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தது. அவன் திவானுக்கு அடியில் ஓடினான். நான் தரையில் படுத்துக் கையை நீட்டினேன். என் கை கிட்டே போகப் போக அவன் அவசர அவசரமாக விழுங்குவதைக் கண்ணால் பார்த்தேன். அப்பா அட்டையில் எத்தனை மாத்திரை இருந்தது என்று நினைவுபடுத்தப் பார்த்தார், முடியவில்லை. அவருக்குக் கை நடுங்கியது. மகன் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரை மணிக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனதால் பிழைத்தான். வாந்தி வருவதற்கு ஊசி போட்டார்கள். அலுமினியத் தாள் துண்டுகளும் கரைந்தும் கரையாமலும் மாத்திரைகளும் வந்தன. மனிதனின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, பன்னிரண்டு கிலோ குட்டியின் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது என்றார் மருத்துவர். இரவு முழுவதும் சொட்டு மருந்து ஏற்றி, மணிக்கு ஒரு தடவை அழுத்தம் பார்த்தார்கள். நானும் மகனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் பிளாக்கின் தரைத்தளத்தில் ரோத்தக் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். ராணுவத்தின் குதிரை, கால்நடைப் பிரிவான ஆர்.வி.சி.யில் சுபேதாராக இருந்தவர். அந்தப் பிரிவின் மையம் மீரட்டில் இருக்கிறது. ராணுவ நாய்களுக்கும் அவற்றைக் கையாளும் வீரர்களுக்கும் அங்கேதான் பயிற்சி. இருபது வருடத்துக்கு மேல் நாய்களோடு இருந்தவரை அதுவரை நான் படிக்கட்டில் பார்த்து நமஸ்தே சொன்னதோடு சரி. மறுநாள் மணியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவரே கதவைத் திறந்து விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். செய்தித்தாள் சமாசாரத்தையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "பத்திரிகைக்கார சாகிப், நீங்கள் அதைத் திருடியதற்காக அடித்ததாக நினைக்கிறீர்கள். அது, கொண்டுவந்து கொடுத்ததற்காக அடி வாங்கியதாக நினைக்கிறது. எடுத்து வருகிறவனை அடித்தால் எடுப்பதை நிறுத்தமாட்டான். வருவதைத்தான் நிறுத்துவான்."

அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்து சோதனை போட்டார். முதலில் எங்கள் நாலு பேரையும் கேட்டார்: "வாயில் இருப்பதை வாங்க என்ன சொல்கிறீர்கள்?" அப்பா "போடுல" என்றார். மனைவி "விடு" என்றாள். மகன் "டிராப்" என்றான். நான் "கொடு" என்றேன். சுபேதார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாலு எஜமானர், நாலு பாஷை! எந்த வார்த்தை என்பது முக்கியமில்லை. ஒரே வார்த்தை, சின்ன வார்த்தை, எல்லோரும் ஒரே குரலில்."

எந்த வார்த்தை? இங்கே என் படிப்பு ஒரு தடவையாவது வீட்டுக்கு உபயோகப்பட்டது. ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்குத் தமிழில் 'ஈ', 'தா', 'கொடு' என்று மூன்று சொற்கள் உண்டு என்றும், தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', சமமானவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு' என்றும் தொல்காப்பியர் பிரித்து வைத்திருக்கிறார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துபோன விஷயம். நான் இத்தனை நாள் மணியிடம் உயர்ந்தோன் கூற்றையே கூறி வந்திருக்கிறேன். 'ஈ' என்றால் மகன் சிரிப்பான். 'தா' என்று முடிவு செய்தோம். சுபேதாரும் சொல்லிப் பார்த்து, "தா, டீக் ஹை" என்றார்.

பயிற்சி என்றதும் விசில், பெல்ட், அதட்டல் என்று எதிர்பார்த்தேன். முதல் பாடம், கை நீட்டாமல் இருப்பது. படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு குறுகிய நடை உண்டு. இரண்டு பக்கக் கதவுகளையும் சாத்திவிட்டு ஒரு முனையில் நான் தரையில் உட்கார வேண்டும். பழைய சாக்ஸைச் சுருட்டி முடிச்சுப் போட்டு மறுமுனைக்கு உருட்டிவிட வேண்டும். எடுத்தால் அவன் வேறெங்கும் போக வழியில்லை, என்னிடம்தான் வர வேண்டும். வந்ததும் பிடுங்கக் கூடாது. வாயைப் பார்க்கவே கூடாது. மார்பையும் விலாவையும் தடவிக்கொடுத்து, அவன் அதை வாயில் வைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். பிறகு தாடைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, "தா". கொடுத்தால் உடனே பாராட்டு, சில சமயம் பதிலுக்கு ஒரு துண்டு வேகவைத்த கோழி, பல சமயம் அதே சாக்ஸைத் திரும்பக் கொடுத்துவிடுவது. கொடுத்தால் இழப்பில்லை என்று அவனுக்குப் புரிய வேண்டும். இப்படி மூன்றே தடவை. நாலாவது தடவைக்கு அவன் ஏங்கும்போதே நிறுத்திவிட வேண்டும். பல் முளைக்கும் பருவம் என்பதால் இழுபறி விளையாட்டு அடியோடு கூடாது.

முதல் மூன்று நாட்கள் சாக்ஸை எடுத்துக்கொண்டு நடையின் மறுகோடியிலேயே படுத்துக்கொண்டான். என்னைப் பார்ப்பான், வரமாட்டான். "நீங்கள் அவனிடம் போகாதீர்கள். முதுகைக் காட்டி விலகிப் போங்கள்" என்றார் சுபேதார். நாய்க்குட்டியைத் துரத்தினால் ஓடும், நாம் ஓடினால் அது துரத்தும் என்பது அவருடைய சித்தாந்தம். நாற்பத்தாறு வயதில், என் வீட்டு நடையில் ஒரு நாய்க்குட்டிக்கு முதுகைக் காட்டித் தவழ்ந்து போனேன். ஐந்தாம் நாள் முழங்காலுக்குப் பின்னால் ஈரமாக ஏதோ பட்டது. சாக்ஸ். அன்று இரவு மகனிடம் அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறிவிட்டது.

அதே அக்டோபரில் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கணக்கு ஆசிரியை, யூனிட் டெஸ்ட் விடைத்தாளில் நாங்கள் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டார். நாங்கள் விடைத்தாளையே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடியதில் அட்லஸுக்குள் நாலாக மடித்திருந்தது. நாற்பதுக்குப் பதினொன்று. "ஏண்டா காட்டவில்லை?" என்றேன். அவன் எதிர்த்துப் பேசுகிற பையன் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "போன தடவை காட்டினேனே அப்பா" என்றான்.

போன தடவை என்ன நடந்தது என்று எனக்கு உடனே நினைவு வரவில்லை. மனைவிக்கு வந்தது. அதைச் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் மணியின் சாக்ஸைத் தேடுகிற சாக்கில் எழுந்து போனேன்.

மீரட் அதிகாரி சொன்னபடி மணிக்கு வேலை தேட வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் அதிகாலைப் பூங்காவில் பாடங்கள் நீண்டன. வீசியதும் பாயாமல் உட்கார்ந்திருந்து, பெயர் சொன்ன பிறகே போக வேண்டும். ஓடிப் போய் எடுப்பது இந்த நாயின் இரத்தத்தில் இருக்கிறது, காத்திருப்பதுதான் நாம் கற்றுத் தர வேண்டியது. விசில் ஒரு நீண்ட ஊதல் என்றால் உட்கார், விட்டு விட்டுப் பல ஊதல் என்றால் வா. அடுத்து, பொருளை அவன் பார்க்காதபோது புல்லில் மறைத்துவைத்து மூக்கால் தேடச் செய்வது. கூலி, இரவுச் சாப்பாட்டிலிருந்து கழித்துக்கொண்ட தின்பண்டம். லாப்ரடார்களின் பசி உலகப் பிரசித்தம். கால்வாசி லாப்ரடார்களிடம் ஒரு மரபணுவில் சிறு துண்டு குறைந்திருப்பதையும், அவற்றுக்குச் சாப்பாட்டின் மேல் நாட்டம் கூடுதலாக இருப்பதையும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். மணியை யாரும் சோதிக்கவில்லை. சோதிக்கத் தேவையில்லை.

ஆனால் தின்பண்டத்துக்காக மட்டும் அவன் வருவதில்லை என்று இப்போது நிச்சயமாகச் சொல்வேன். நான் வேலை செய்யும்போது பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுக்கிறான். வாக்கியம் அமையாமல் நான் அண்ணாந்தால் அவனும் அண்ணாந்து என் கண்ணைப் பார்க்கிறான். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது, தாய்க்கும் குழந்தைக்கும் இடையே சுரக்கிற ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் இருவர் உடலிலும் கூடுவதாக ஜப்பானிய விஞ்ஞானிகள் 2015இல் கண்டார்கள். அடி வாங்கிய பிறகு ஒரு மாதம் அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை என்பது அதைப் படித்தபோதுதான் உறைத்தது.

ஜனவரியில், மணியை சுபேதார் வீட்டில் விட்டுவிட்டு பரத்பூர் போனோம். கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்தில், கோயிலுக்கு அருகே கல்வெட்டுகள் இருக்கின்றன. மன்னர் காலத்தில் வைஸ்ராய்களும் விருந்தினர்களும் ஒவ்வொரு நாளும் எத்தனை பறவைகளைச் சுட்டார்கள் என்ற கணக்கு. 1938 நவம்பர் 12ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ வந்த அன்று ஒரே நாளில் 4,273 பறவைகள். மகன் அந்த எண்ணை இரண்டு முறை படித்துவிட்டு, "இவ்வளவையும் யார் போய் எடுத்திருப்பார்கள்?" என்று கேட்டான். கொணர்நாய் வளர்க்கிற வீட்டுப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982இல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆனது. துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஏரியில் இன்று காமிராச் சத்தம்தான்.

வேட்டை இல்லாத நாட்டில் வேட்டைத் துணைவனுக்கு என்ன வேலை? திரும்பி வந்ததும் சுபேதாரிடம் கேட்டேன். அவர் மும்பை போலீஸின் ஜஞ்சீர் கதையைச் சொன்னார். அது ஒரு லாப்ரடார். 1993 மும்பை குண்டுவெடிப்புகளை ஒட்டி 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தைக் கண்டுபிடிக்க உதவிய நாய். 2000இல் இறந்தபோது போலீஸ் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். புதருக்குள் விழுந்த வாத்தைத் தேடுவதற்காக வளர்த்த மூக்குதான் அது. வெடிமருந்தைத் தேடும் நாய்க்கு ஒரே ஒரு பாடம் மாறுகிறது, எடுத்து வரக் கூடாது. கண்டதும் அசையாமல் உட்கார வேண்டும். "அந்த நாய் உட்கார்ந்தால் நான் நம்ப வேண்டும். நான் கூப்பிட்டால் அது நம்ப வேண்டும். ஒரு பக்கம் பொய்த்தால் இரண்டு பேரும் காலி" என்றார் சுபேதார்.

பிப்ரவரியில் ஒரு மதியம் மணி பால்கனியிலிருந்து வினோதமாக நடந்து வந்தான். தலையைத் தூக்கி, வாயைப் பாதி மூடி, ஒவ்வொரு அடியாக. வாய் ஓரத்தில் ஒரு இறகு. ஏ.ஸி. பெட்டிக்குப் பின்னால் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. ஒரு குஞ்சு விழுந்திருக்கிறது. அப்பா "ஐயோ, போச்சு" என்றார். எனக்கும் பாயத்தான் தோன்றியது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வந்தான். மார்பைத் தடவினேன். தாடைக்குக் கீழே கையை வைத்தேன். "தா."

உள்ளங்கையில் சூடாக, எச்சிலில் நனைந்து, இதயம் படபடக்க ஒரு குஞ்சு. திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு பல்தடம் இல்லை. துடைத்துக் கூட்டில் வைத்தோம். தொட்ட குஞ்சைத் தாய்ப்புறா ஒதுக்கிவிடும் என்று சொல்வார்கள், அது உண்மையில்லை. அரை மணியில் தாய் வந்து உட்கார்ந்தது. அப்பா நெடுநேரம் மணியின் தலையில் கையை வைத்திருந்தார். "எங்க ஊர் நாயா இருந்தா முழுங்கிட்டு வாயத் தொடச்சிருக்கும். இவன் என்னய்யா இப்படிக் கொண்டாந்து தாரான்" என்றார்.

அதே மாதக் கடைசியில், நான் வேலையாக இருந்த ஒரு மாலை மகன் மேஜை அருகே வந்து நின்றான். கையில் விடைத்தாள். பின்னால் மறைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. நாற்பதுக்குப் பதினேழு என்று மேலேயே சிவப்பு மையில் தெரிந்தது. வாயில் வந்த வாக்கியத்தை விழுங்கினேன். பதின்மூன்று வயதுப் பையனை மார்பில் தடவிக்கொடுக்க முடியாது. "உட்கார்" என்று நாற்காலியைக் காட்டினேன். பிறகு கையை நீட்டி, "தா" என்றேன். கொடுத்தான். அவனுக்கும் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும், லேசாகச் சிரித்தான். எங்கே தப்பு என்று இரண்டு பேரும் பார்த்தோம். கணக்கு எனக்கும் வராது என்பது எட்டாவது கணக்கில் தெரிந்துபோயிற்று. கையெழுத்துப் போட்டேன்.

மணி இப்போது வீட்டில் யார் எதைத் தொலைத்தாலும் கொண்டுவருகிறான். அப்பாவின் கைத்தடி, மூக்குக்கண்ணாடி உறை, மனைவியின் சாவிக்கொத்து. மாத்திரை அட்டை ஒன்றை நான் காலியாக்கி வேண்டுமென்றே கீழே போட்டுப் பார்த்தேன். எடுத்து வந்து கையில் வைத்தான்.

ஒன்றை மட்டும் தொடமாட்டான். காலை ஆறு மணிக்கு ரப்பர் பேண்டு போட்ட செய்தித்தாள் பால்கனியில் வந்து விழும்போது எழுந்து உள்ளே போய்விடுகிறான். கோழித்துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயிற்று. சுபேதாரும் முயன்று பார்த்தாயிற்று. "நாளாகும், சாகிப். ஆகாமலும் போகலாம்" என்கிறார். நான் ரப்பர் பேண்டை எடுத்து, சுருளைப் பிரித்து, தட்டையாக விரித்த பிறகுதான் வந்து பக்கத்தில் படுக்கிறான். எடுத்து வருவதற்கென்றே இருநூறு வருடமாக வளர்க்கப்பட்ட இனத்து நாய் இருக்கிற வீட்டில், பேப்பரை தினமும் நான்தான் குனிந்து எடுக்கிறேன்.